தராசு பூட்ட வந்த பொடியன் சுடோ உரிமையைத் தூக்கிவிட்டுப் போய்விட்டான்: ஃபோர்மட் அடிக்காமல் மீட்கலாமா?

மல்லாவி மில் கணக்கு எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும்.

மல்லாவியில் ஒரு சின்ன அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். வவுனிக்குளத்துக்குக் கீழே காலபோக நெல் வெட்டு தொடங்கிவிட்டது. விடியவே லான்ட்மாஸ்டர் பெட்டிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. இந்த நேரம் பார்த்துத்தான் கணினி மக்கர் பண்ணுகிறது.

பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ் கணினி, உபுண்டு 22.04 (விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகை இயங்குதளம்). முதலாளியின் மகன் கனடாவுக்குப் போவதற்கு முன்னர் அவரே போட்டுத் தந்தது. அதில் ஒரேயொரு பயனர் கணக்குத்தான், பெயர் மில். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். மறந்துபோய் வந்து கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். உள்ளே போகலாம், லிப்ரே ஒபிஸ் திறக்கும், கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது.

நடந்தது இதுதான். புதிதாக ஒரு மேடைத் தராசு வாங்கினார்கள். மூட்டையை வைத்ததும் நிறை தானாகக் கணினிக்கு வந்து விழவேண்டும். அதற்குக் கனடா அண்ணா ஒரு சின்ன பைதன் நிரலும் எழுதி அனுப்பியிருந்தார். தராசு பூட்ட வந்த பொடியன் வயரைக் குத்தினான், நிறை வரவில்லை. போனைப் பார்த்துப் பார்த்துக் கறுப்புத் திரையில் என்னவோ தட்டினான். "ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ அக்கா, வரும்" என்றான். நிப்பாட்டிப் போட்டோம். அப்போதும் வரவில்லை. அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான். இப்போது அழைத்தால் எடுப்பதில்லை.

அன்றிரவு கனடா அண்ணா எனிடெஸ்க் (தூரத்திலிருந்து திரையைப் பார்த்து இயக்கும் மென்பொருள்) வழியாக வந்து பார்த்தார். சுடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை இடும் முறை) போட்டு எதைத் தட்டினாலும் பாஸ்வேர்டைக் கேட்கிறது, வாங்கிக்கொள்கிறது, பிறகு "மில் என்ற பயனர் சுடோயர்ஸ் கோப்பில் இல்லை, இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. யாருக்கு அறிவிக்கும் என்று முதலாளி என்னைக் கேட்டுத் துளைக்கிறார். அவருக்கு ஏற்கெனவே வரிக் காரரைப் பற்றிய பயம் உண்டு. மென்பொருள் புதுப்பிக்கப் போனால் ரூட் என்ற தலைமை நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அப்படி ஒன்றை நாங்கள் வைத்ததே இல்லை.

கடை ஒன்றில் விசாரித்தோம். ஃபோர்மட் அடித்து விண்டோஸ் போட்டுத் தரலாம், பெட்டியைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். வெட்டு முடியும்வரை பெட்டியை அனுப்ப முடியாது. வேறு வழி இருக்கிறதா? ஆங்கிலம் வாசிப்பேன், கட்டளைகள் பழக்கமில்லை. சொன்னால் சொன்னபடி தட்டுவேன்.

வன்னிக் காற்று எழுதியது:

கணக்குக் கோப்புகளைப் பென்ட்ரைவில் எடுத்துவிட்டுப் புதிதாக உபுண்டுவே போடலாமே? இதற்கு ஏன் மினக்கெட வேண்டும்.

பரந்தன் திருத்தகம் எழுதியது:

தங்கச்சி, யாரையும் ஃபோர்மட் அடிக்க விடாதீர்கள். எங்கள் தொழிலில் அதுதான் இலகுவான காசு. பரந்தனில் திருத்தகம் வைத்திருப்பவன் சொல்கிறேன்.

தம்பி வன்னிக் காற்று, புதிதாகப் போட்டால் அந்தப் பைதன் நிரலுக்கு வேண்டியவை, பிரின்டர், தமிழ் விசைப்பலகை எல்லாவற்றையும் யார் திரும்பப் பூட்டுவது? கனடாவில் இருப்பவரா?

முதலாளியின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். "அறிவிக்கப்படும்" என்றால் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படும், அவ்வளவுதான். உபுண்டுவில் அது ஓத் லொக் என்ற கோப்பு. கொழும்பில் யாருக்கும் மணி அடிக்காது.

இனி விசயம். பாஸ்வேர்ட் பிழை என்றால் "மன்னிக்கவும், மறுபடி முயலுங்கள்" என்று வேறு வரி வரும். உங்களுக்கு அது வரவில்லை. பாஸ்வேர்டைச் சரியென்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் பட்டியலில் பெயர் இல்லை என்கிறது. உபுண்டுவில் யார் நிர்வாகி என்பதை ஒரு குழுவை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். குழுவின் பெயரும் சுடோ. முதன்முதலில் நிறுவும்போது உண்டாக்கிய பயனர் தானாகவே அதில் இருப்பார். உங்கள் மில் எப்படியோ அதிலிருந்து விழுந்துவிட்டார். ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் கேட்பதும் அதனால்தான்: குழுவில் ஒருவரும் இல்லையென்றால் கேட்பதற்கு ரூட் மட்டும்தான் மிச்சம். உபுண்டு ரூட்டுக்குப் பாஸ்வேர்டே வைப்பதில்லை. எதைத் தட்டினாலும் ஏறாது, மினக்கெடாதீர்கள்.

எப்படி விழுந்தார் என்று ஒரு ஊகம் இருக்கிறது. உறுதிப்படுத்த இரண்டு கட்டளைகள். இரண்டும் வெறுமனே பார்ப்பவை, எதையும் மாற்றாதவை. டேர்மினலை (அந்தக் கறுப்புத் திரையை) திறந்து குரூப்ஸ் என்று தட்டுங்கள் (ஜி ஆர் ஓ யு பி எஸ்). பிறகு ஹிஸ்டரி (எச் ஐ எஸ் டி ஓ ஆர் வை). கடைசியில் அந்தப் பொடியன் தட்டிய வரிகள் தெரியும். வந்ததை இங்கே எழுதுங்கள். நான் போனில் தமிழில் தட்டுவதால் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். நீங்கள் எல்லாவற்றையும் சிம்பிள் எழுத்தில் தட்டவேண்டும். கப்பிட்டல் வரும் இடத்தில் கப்பிட்டல் என்றே சொல்வேன்.

மல்லாவி மில் கணக்கு எழுதியது:

நன்றி அண்ணை. குரூப்ஸ் தட்டியதும் இரண்டே சொற்கள் வந்தன: மில், டயல்அவுட்.

ஹிஸ்டரியில் அவன் தட்டியவை: டெவ் என்ற இடத்தில் டிடிவை என்று தொடங்கும் எதையோ தேடியிருக்கிறான், பலமுறை. அதன் பிறகு ஒரு வரி: சுடோ, யூசர்மொட், ஒரு சின்னக் கோடு, கப்பிட்டல் ஜி, டயல்அவுட், மில். அதோடு சரி.

பரந்தன் திருத்தகம் எழுதியது:

நினைத்தது சரி. பாவம் அந்தப் பொடியன், ஒரேயொரு எழுத்தைத் தவறவிட்டிருக்கிறான். சின்னக் கோட்டுக்குப் பக்கத்தில் கப்பிட்டல் ஜிக்கு முன்னால் ஒரு சிம்பிள் ஏ வந்திருக்க வேண்டும். அந்த ஏ இருந்தால் "இருப்பவற்றோடு இதையும் சேர்" என்று அர்த்தம். இல்லாவிட்டால் "இருப்பதையெல்லாம் வெட்டு, இதை மட்டும் வை". விதானையாரிடம் போய்க் குடும்ப அட்டையில் புதுப் பிள்ளையின் பெயரைச் சேர்க்கச் சொன்னால், வீட்டார் எல்லோரையும் வெட்டிவிட்டுப் பிள்ளையை மட்டும் எழுதித் தந்த மாதிரி. கேள்வியும் கேட்காது, எச்சரிக்கையும் வராது.

அவன் நினைத்ததிலும் பிழையில்லை. சீரியல் வயர் வழியாக வரும் சாதனத்தைப் படிக்க உபுண்டுவில் டயல்அவுட் குழுவில் இருக்கத்தான் வேண்டும். தொலைபேசி மோடம் காலத்துப் பெயர் அது, இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பெட்டியைத் தொடங்கும்போதே ரூட்டாக உள்ளே போகலாம். அதற்குப் பாஸ்வேர்ட் வேண்டாம், கீபோட்டுக்கு முன்னால் ஒரு ஆள் இருந்தால் போதும். கனடாவிலிருந்து எனிடெஸ்க்கில் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் நெட்டும் இல்லை, எனிடெஸ்க்கும் இல்லை. மல்லாவியில் கதிரையில் இருக்கிற நீங்கள்தான் செய்யவேண்டும். பயப்பட ஒன்றுமில்லை.

தொடங்கும் முன்: கணக்குக் கோப்புகளைப் பென்ட்ரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இப்படிச் சொல்லாமல் நான் எந்தப் பெட்டியையும் தொடுவதில்லை. கறண்ட் போய்வருகிற நேரத்தில் தொடங்கவேண்டாம். மில் மோட்டார் ஓடாத நேரம் நல்லது.

பெட்டியை நிப்பாட்டிப் போடுங்கள். டெல் அடையாளம் மறைகிற நேரத்தில் எஸ்கேப் விசையை ஒருக்கா, இரண்டுதரம் மெதுவாகத் தட்டுங்கள். உபுண்டு என்று மேலே எழுதிய ஒரு பட்டியல் வரவேண்டும். அதுதான் கிரப், உபுண்டுவைத் தொடக்கிவைக்கும் நிரல். வராவிட்டால் உங்கள் பெட்டி பழைய பயோஸ் முறையில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மறுபடி நிப்பாட்டி, போட்டவுடனேயே ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருங்கள். எஸ்கேப்பைப் படபடவென்று தட்டிவிட்டால் பட்டியலுக்குப் பதிலாகக் கிரப் என்ற சொல்லோடு ஒரு வெறுந்திரை வரும். அதில் ஒன்றும் தட்டாமல் கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் மூன்றையும் ஒன்றாக அழுத்தித் திரும்பத் தொடங்குங்கள்.

பட்டியலில் இரண்டாவது வரி அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்று இருக்கும். என்டர். அடுத்த பட்டியலில் முடிவில் ரிகவரி மோட் என்று எழுதிய வரிகளில் மேலே உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். எழுத்துகள் ஓடும், ஓடட்டும். பிறகு ஒரு சின்னப் பெட்டி வரும்: ரெசியூம், கிளீன் என்று தொடங்கும். கீழே போய் ரூட் என்பதை எடுங்கள். பராமரிப்புக்கு என்டரை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் முடிவில் ஹாஷ் குறியோடு ஒரு வரி நிற்கும். அந்தக் குறி வந்துவிட்டால் பெட்டி முழுவதும் இப்போது உங்கள் கையில்.

இந்த நிலையில் வன்தட்டு வாசிக்க மட்டும் திறந்திருக்கக்கூடும். எழுதவும் அனுமதிக்கச் சொல்லவேண்டும்:

எம் ஓ யு என் டி, இடைவெளி, சின்னக் கோடும் ஓவும் ஒட்டி, இடைவெளி, ஆர் இ எம் ஓ யு என் டி, கொமா, ஆர் டபிள்யூ, இடைவெளி, வலப்பக்கம் சாய்ந்த கோடு.

கொமாவுக்கு முன்னாலோ பின்னாலோ இடைவெளி இல்லை. என்டர். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனால் சரி. லினக்ஸ் வாயைத் திறக்கவில்லை என்றால் வேலை நடந்துவிட்டது என்று எடுங்கள்.

அடுத்தது:

யு எஸ் இ ஆர் எம் ஓ டி, இடைவெளி, சின்னக் கோடு சிம்பிள் ஏ கப்பிட்டல் ஜி மூன்றும் ஒட்டி, இடைவெளி, எஸ் யு டி ஓ, இடைவெளி, எம் ஐ எல் எல்.

பாஸ்வேர்ட் கோப்பைப் பூட்ட முடியவில்லை, பிறகு முயலுங்கள் என்று வந்தால் முதல் கட்டளை ஏறவில்லை. பிறகு முயன்றும் பயனில்லை. திரும்பப் போய் மவுன்ட் வரியை எழுத்துப் பிசகாமல் தட்டுங்கள். இந்த ஒரு செய்தியால்தான் பலர் பாதியில் விட்டுவிட்டு என்னிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

முடிந்ததா என்று பார்க்க குரூப்ஸ், இடைவெளி, மில். பட்டியலில் சுடோ தெரியவேண்டும். தெரிந்தால் ஆர் இ பி ஓ ஓ டி. வழமைபோல் உள்ளே போங்கள்.

அறிவியல்நகர் மாணவன் எழுதியது:

அக்கா, அண்ணை சொன்னதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள், நிர்வாக உரிமை தேவையில்லாதது. மில் பயனர் இழந்தது சுடோ குழுவை மட்டுமல்ல. பிரின்டரை நிர்வகிக்கும் குழு, பதிவுகளைப் படிக்கும் குழு எல்லாமே போயிருக்கும். யூசர்மொட் குழுக் கோப்பை மாற்றும்போது பழையதை அதே இடத்தில், பெயரின் முடிவில் ஒரு சின்னக் கோடு சேர்த்து, விட்டுவைக்கும். அந்தப் பொடியன் ஒருமுறைதான் தட்டினான் என்றபடியால் பழைய பட்டியல் இப்போது முழுசாக இருக்கும். இன்னொரு மாற்றம் செய்தால் அதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். ஆகவே இப்போதே பாருங்கள்:

ஜி ஆர் இ பி, இடைவெளி, மில், இடைவெளி, சாய்கோடு, இ டி சி, சாய்கோடு, ஜி ஆர் ஓ யு பி, சின்னக் கோடு.

வருகிற வரிகளின் முதற்சொற்களைத் தாளில் எழுதி வையுங்கள். ரூட்டாக உள்ளே போன பிறகு, அண்ணை சொன்ன யூசர்மொட் வரியில் சுடோ இருக்கும் இடத்தில் அந்தப் பெயர்களையும் கொமா போட்டு இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதினால் எல்லாம் ஒரே தட்டில் திரும்பிவிடும். எம் ஐ எல் எல் என்று மட்டும் தொடங்கும் வரியை விட்டுவிடலாம், அது பயனரின் சொந்தக் குழு.

எங்கள் பீடத்தில் ஒரு மடிக்கணினியில் ரிகவரி மோட் சரியாக வரவில்லை. அப்போது கிரப் பட்டியலில் உபுண்டு வரியில் நின்று ஈ விசையை அழுத்தினோம். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியில் ஆர் ஓ என்பதை ஆர் டபிள்யூ ஆக்கி, குவைட், ஸ்பிளாஷ் இரண்டையும் எடுத்துவிட்டு, வரி முடிவில் இனிட், சமன் குறி, சாய்கோடு, பின் (பி ஐ என்), சாய்கோடு, பாஷ் என்று இடைவெளியில்லாமல் சேர்த்தோம். கொன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் நேராக ரூட். இந்த மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டும்தான், கிரப்பில் நிலைத்திருக்காது. வேலை முடிந்ததும், மாற்றங்களை வன்தட்டில் பதிக்கும் சிங்க் கட்டளையைத் தட்டிவிட்டுத்தான் பெட்டியை நிப்பாட்ட வேண்டும்.

பெடோரா (இன்னொரு லினக்ஸ் வகை) பாவிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: அங்கே குழுவின் பெயர் வீல். இந்தப் பின் பாஷ் முறையில் போய் எதையாவது மாற்றினால் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு கோப்புகளுக்கு இடும் அடையாளங்களையும் திரும்பப் போடச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அடுத்தமுறை உள்ளே விடாமல் அடம்பிடிக்கும்.

பரந்தன் திருத்தகம் எழுதியது:

நல்ல பொடியன். பழைய குழுக் கோப்பைப் பார்ப்பது நல்ல யோசனை, அதை முதலில் செய்யுங்கள் தங்கச்சி.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன், உங்களுக்கு நேரம் கடந்துவிட்டது, மற்றவர்களுக்கு உதவும். குழு மாற்றம் அடுத்த தடவை உள்நுழையும்போதுதான் உறைக்கும். அந்தப் பொடியன் தட்டிய அதே திரையைப் பூட்டாமல் விட்டிருந்தால் அதற்குள் சுடோ இன்னமும் ஓடியிருக்கும், அங்கேயே ஒரு வரியில் திருத்தியிருக்கலாம். "நிப்பாட்டிப் போடுங்கோ" என்றதுதான் கதவை அடித்துச் சாத்தியது.

மல்லாவி மில் கணக்கு எழுதியது:

வந்துவிட்டது!

எஸ்கேப்பில் ஒன்றும் நடக்கவில்லை, ஷிஃப்டைப் பிடித்ததும் பட்டியல் வந்தது. பழைய குழுக் கோப்பில் ஏடிஎம், சிடிரோம், சுடோ, டிப், பிளக்டெவ், எல்பிஅட்மின் என்று நின்றன. எல்லாவற்றையும் கொமா போட்டு ஒரே வரியில் தட்டினேன். முதலாளி பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தையும் உரக்க வாசித்தார். சுடோ வேலை செய்கிறது, பிரின்டரும் திரும்பிவிட்டது. (பிரின்டரும் போயிருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.)

ஆனால் நிறை இன்னமும் வரவில்லை. டயல்அவுட் குழுவிலும் மில் இருக்கிறார். பொடியன் தேடிய அந்த டிடிவை யூஎஸ்பி 0 (தராசு வயருக்குக் கணினி வைக்கும் பெயர்) என்பதையே கனடா அண்ணாவும் தேடுகிறார், இல்லை என்கிறார். வயரைக் குத்தினால் ஒரு கணம் வந்து மறைகிறதாம். வயர் பழுது, வேறு வாங்குங்கள் என்கிறார். வவுனியாவுக்குப் போய் வரவேண்டும்.

இன்னொரு கேள்வி. பாஸ்வேர்ட் இல்லாமல் நானே இப்படி உள்ளே போகலாம் என்றால் மில்லுக்கு வருகிற யாரும் போகலாம்தானே? முதலாளிக்கு இப்போது அந்தப் பயம்.

பரந்தன் திருத்தகம் எழுதியது:

வவுனியா பஸ் ஏறவேண்டாம். வந்து மறைகிறது என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது.

சுடோ போட்டு டிமெசேஜ் (டி எம் இ எஸ் ஜி) தட்டி, கடைசி வரிகளைப் பாருங்கள். சிஎச்341 என்று ஒரு பெயரும், அதற்குக் கிட்ட பிஆர்எல்டிடிவை என்று இன்னொரு பெயரும், பிறகு டிடிவை யூஎஸ்பி 0 துண்டிக்கப்பட்டது என்றும் வந்தால் உங்கள் வயரில் ஒரு குறையும் இல்லை. மலிவான யூஎஸ்பி சீரியல் வயர்களில் பாதிக்குமேல் இந்தச் சீனச் சிப்தான் என் மேசைக்கு வருகிறது. பார்வையற்றோர் பாவிக்கும் பிரெயில் காட்டி ஒன்றும் தன்னை அதே எண்ணால்தான் கணினிக்கு அறிமுகப்படுத்தும். ஆகவே உபுண்டு உங்கள் தராசைப் பிரெயில் கருவி என்று நினைத்து, பிஆர்எல்டிடிவை என்ற சேவையிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. 22.04 வந்த காலத்தில் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையை வைத்து விளையாடும் பிள்ளைகள் பலர் இதில் மாட்டினார்கள்.

மில்லில் பிரெயில் கருவி பாவிப்பவர் யாரும் இல்லையென்றால் அதை எடுத்துவிடலாம்: சுடோ, ஏ பி டி, ஆர் இ எம் ஓ வி இ, பி ஆர் எல் டி டி வை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி. வேறு எதையாவதும் சேர்த்து நீக்கப் போகிறேன் என்று நீண்ட பட்டியல் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே எழுதுங்கள். எடுத்த பிறகு வயரைக் கழற்றிக் குத்துங்கள்.

ஆக, அந்தப் பொடியன் குழுவைத் தொட்டது மட்டும் போதாது. குழு சரியாக இருந்திருந்தாலும் நிறை வந்திருக்காது. டிமெசேஜ் பார்க்காமல் போனைப் பார்த்தால் இப்படித்தான்.

இனி முதலாளியின் கேள்வி. ஆம், பெட்டிக்கு முன்னால் தனியாக இருக்கக் கிடைக்கிற யாரும் இதைச் செய்யலாம். லினக்ஸில் மட்டும் என்றில்லை, விண்டோஸிலும் பென்ட்ரைவ் போட்டுச் செய்வார்கள். கிரப்புக்குப் பாஸ்வேர்ட் போடலாம், ஆனால் பென்ட்ரைவில் இன்னொரு லினக்ஸைத் தொடங்கி வன்தட்டைத் திறப்பவரை அது மறிக்காது. உண்மையான தடுப்பு வன்தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்வது. அப்படிச் செய்தால் கள்ளனுக்கும் திறக்காது, அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் உங்களுக்கும் திறக்காது, எனக்கும் திறக்காது. நெல்லுக் கணக்குக்கு அது தேவையா? என்னைக் கேட்டால் தேவையில்லை. பெட்டியைக் கந்தோர் அறைக்குள் வைத்து இரவில் அறையைப் பூட்டுங்கள், பிரதி எடுக்கும் பென்ட்ரைவ் முதலாளி வீட்டில் இருக்கட்டும். வங்கி விபரங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் அதே பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது வெட்டு முடிந்த பிறகு குறியாக்கத்தோடு புதிதாக நிறுவச் சொல்வேன்.

அதைவிட அவசரமானது ஒன்று: இரண்டாவதாக ஒரு நிர்வாகப் பயனரை உண்டாக்குங்கள். சுடோ அட்யூசர், பிறகு புதுப் பெயர். அது முடிந்ததும் சுடோ அட்யூசர், அந்தப் பெயர், சுடோ. இந்த இரண்டாவது வடிவம் இருக்கிற குழுக்களை வெட்டாது, சேர்க்க மட்டும்தான் செய்யும். அதனால்தான் நான் யூசர்மொட்டை ரிகவரித் திரைக்கு வெளியே பாவிப்பதே இல்லை. பாஸ்வேர்டை முதலாளி வைத்திருக்கட்டும். அடுத்த டெக்னீசியன் வந்து மில்லைக் குழப்பினாலும் மற்றவர் வழியாக உள்ளே போகலாம், கனடாவிலிருந்தும் போகலாம்.

வன்னிக் காற்று எழுதியது:

சுடோயர்ஸ் கோப்பையே யாரோ திருத்தி, அதில் எழுத்துப் பிழை விட்டால்? போன வருசம் எங்கள் சனசமூக நிலையக் கணினியில் அப்படி ஒன்று நடந்தது. சுடோ யாருக்கும் ஓடவில்லை.

பரந்தன் திருத்தகம் எழுதியது:

அதற்கும் இதே ரிகவரி வழிதான். ரூட்டாகப் போய், எழுத அனுமதித்து, விசுடோ என்று தட்டினால் கோப்புத் திறக்கும். பிழையை எடுத்துவிட்டுச் சேமிக்கலாம். விசுடோ வழியாகத் திறந்தால் சேமிக்கும் முன் பிழை பார்த்து மறிக்கும். சாதாரண எடிட்டரில் திறந்தால் மறிக்காது, அப்படித்தான் உங்கள் நிலையத்தில் நடந்திருக்கும்.

மல்லாவி மில் கணக்கு எழுதியது:

டிமெசேஜில் அண்ணை சொன்ன அதே பெயர்கள். பிஆர்எல்டிடிவையை எடுத்தேன், வேறொன்றையும் நீக்கக் கேட்கவில்லை. வயரைக் குத்தினேன், டிடிவை யூஎஸ்பி 0 வந்தது, போகவில்லை. முதலாளியின் பெயரில் இரண்டாவது பயனரும் போட்டாயிற்று.

நிறை வருகிறது, ஆனால் ஒரு மூட்டைக்குப் பல வரிகளாக வருகிறது. வைத்தவுடன் யூஎஸ், ஜிஎஸ் என்று தொடங்கி 41, 57, 70 என்று தாறுமாறாக. கொஞ்சம் பொறுத்தால் எஸ்டி, ஜிஎஸ், 66.5 என்று ஒரே எண் திரும்பத் திரும்ப. கனடா அண்ணாவின் நிரல் முதலில் வருவதை எடுத்து எழுதுகிறது. கீரிச் சம்பா கொண்டுவந்த ஐயா ஒருவருக்கு 41 கிலோ என்று துண்டு வந்து, வாசலில் சண்டை.

பரந்தன் திருத்தகம் எழுதியது:

தராசு சரியாகத்தான் பேசுகிறது. யூஎஸ் என்றால் இன்னும் ஆடுகிறது, எஸ்டி என்றால் நிலைத்துவிட்டது. ஜிஎஸ் மொத்த நிறை, சாக்கும் சேர்த்து. எஸ்டி என்று தொடங்கும் வரியை மட்டும் எடுக்கும்படி நிரலில் ஒரு நிபந்தனை போடச் சொல்லுங்கள், அவருக்கு ஒரு நிமிட வேலை. சாக்கின் நிறையைக் கழித்துத்தான் நீங்கள் காசு கொடுப்பது என்றால், வெறும் சாக்கை வைத்துத் தராசில் டெயார் அழுத்திவிட்டு நிறுங்கள். அப்போது ஜிஎஸ் இருந்த இடத்தில் என்டி வரும், நிரல் அதையும் ஏற்கவேண்டும். அதுவரை துண்டைக் கையால் எழுதுங்கள், அந்த ஐயாவுக்கு முதலில்.